மாவட்டக் கோட்டா: பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய ஒரு கணக்கு

கடந்த வருடம் தவணை விடுமுறைக்கு முந்திய வாரம், மாணவர் ஒருவரின் தந்தை என்னைச் சந்திக்கப் பாடசாலைக்கு வந்தார். கண்டி மாவட்டத்திலுள்ள ஒரு முஸ்லிம் பாடசாலையில் நான் கணிதம் கற்பிக்கிறேன். அவரது மகன் அப்போது தரம் 9 இல் படித்துக்கொண்டிருந்தான். கெட்டிக்காரப் பிள்ளை.

"சேர், அடுத்த வருஷம் இவன நுவரெலியாப் பக்கம் ஒரு ஸ்கூல்ல போடலாம்னு யோசிக்கிறேன். கண்டிக்கு வெட்டுப்புள்ளி கூட. அங்க கொறவுதானே. எங்கட சொந்தக்காரப் புள்ள ஒன்றும் அப்படிப் போய்த்தான் மெடிசின் கெடச்ச. நீங்க அதிபர்ட்ட சொல்லி லீவிங் சேர்ட்டிபிகேட் மட்டும் எடுத்துத் தந்தாப் போதும்."

இதில் மோசடி எதுவும் இருப்பதாக அவர் நினைக்கவில்லை. மகனின் எதிர்காலத்துக்காக ஒரு தந்தை எடுக்கும் முயற்சியாகவே அதைப் பார்த்தார். "யோசித்துச் சொல்கிறேன்" என்று அனுப்பி வைத்தேன். அன்று மாலை முழுவதும் மனம் அமைதியாகவில்லை. அவரைப் போன்று பலர் வருகிறார்கள். கோட்டாவால் நமக்கு அநீதி என்கிறார்கள் சிலர். கோட்டா இல்லாவிட்டால் நமது பிள்ளைகள் பல்கலைக்கழக வாசலையே மிதித்திருக்க முடியாது என்கிறார்கள் வேறு சிலர். இந்த முறை எப்படி இயங்குகிறது, எங்கிருந்து வந்தது, அதில் நமது சமூகம் எங்கே நிற்கிறது என்பவற்றை ஒரே இடத்தில் எழுதி வைப்பது பயனுள்ளது என்று தோன்றியது. அதுவே இக்கட்டுரை.

இன்றைய ஒழுங்கு என்ன?

1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் உருவான பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவே அரச பல்கலைக்கழகங்களுக்கு மாணவர்களைத் தெரிவு செய்கிறது. க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் ஒரே தடவையில் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்து, பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளிகள் பெற்றவர் விண்ணப்பிக்கத் தகுதியுடையவர். ஆனால் தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே இடம் கிடைக்கிறது. எல்லாச் சண்டைக்கும் அடிப்படை இந்தப் பற்றாக்குறைதான்.

இருக்கும் இடங்கள் பொதுவாக மூன்று பங்குகளாகப் பிரிக்கப்படுகின்றன. முதல் 40 வீதம் அகில இலங்கை திறமை அடிப்படையில் நிரப்பப்படுகிறது. அடுத்த 55 வீதம் 25 நிர்வாக மாவட்டங்களுக்கும் அவற்றின் சனத்தொகை விகிதத்துக்கு ஏற்பப் பகிரப்படுகிறது. எஞ்சிய 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என அடையாளம் காணப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக வழங்கப்படுகிறது. அந்த 16 மாவட்டங்கள்: நுவரெலியா, ஹம்பாந்தோட்டை, யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், முல்லைத்தீவு, வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை, புத்தளம், அநுராதபுரம், பொலன்னறுவை, பதுளை, மொனராகலை, இரத்தினபுரி.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு பாடநெறிக்கு நாடு முழுவதும் 1,000 இடங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 400 இடங்கள் திறமை அடிப்படையில் போகும். 550 இடங்கள் மாவட்டங்களுக்கு. 2012 தொகைமதிப்பின்படி நாட்டின் சனத்தொகை 20,359,439. கொழும்பு மாவட்டத்தில் அதில் 11.4 வீதத்தினர் இருந்தனர். எனவே 550 இல் சுமார் 63 இடங்கள் கொழும்புக்கு. கண்டிக்குச் சுமார் 37. நுவரெலியாவுக்கு 19. அம்பாறைக்கு 17 அல்லது 18. மன்னாருக்கு 2 அல்லது 3. மீதி 50 இடங்களை 16 மாவட்டங்களும் தமது சனத்தொகைக்கு ஏற்பப் பங்கிட்டுக்கொண்டால், நுவரெலியாவுக்கும் அம்பாறைக்கும் தலா 4 இடங்கள் அளவில் மேலதிகமாகக் கிடைக்கும்.

இங்கு இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, திறமை அடிப்படையிலான 400 இடங்களே முதலில் நிரப்பப்படுகின்றன. நல்ல பாடசாலைகள் நிறைந்த மாவட்டங்கள் அதில் பெரும் பங்கை எடுத்துக்கொள்கின்றன. அதன் பிறகும் அவற்றின் மாவட்டப் பங்கு குறைவதில்லை. "கொழும்புப் பிள்ளைக்கு அநீதி" என்று பேசுவோர் இதை மறந்துவிடுகிறார்கள். இரண்டாவது, அந்த 16 மாவட்டங்களிலும் நாட்டு மக்களில் சுமார் 41 வீதத்தினர் வாழ்கிறார்கள். அவர்களுக்காக ஒதுக்கப்பட்ட மேலதிகச் சலுகை 5 வீதம் மாத்திரமே.

இந்தக் கணக்கில் எங்கேயும் இனமோ மதமோ மொழிமூலமோ இடம்பெறவில்லை. முஸ்லிம்களுக்கென்றோ தமிழர்களுக்கென்றோ சிங்களவர்களுக்கென்றோ தனி ஒதுக்கீடு கிடையாது. பார்க்கப்படுவது மாவட்டம் மட்டுமே.

இசட் புள்ளி எதைச் சரிசெய்கிறது?

பெற்றோரை அதிகம் குழப்புவது இசட் புள்ளி. 2001 முதல் நடைமுறைக்கு வந்த இந்த முறையின் கணக்கு எளிமையானது. ஒரு பாடத்தில் ஒருவர் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் இடையைக் கழித்து, வருவதை நியம விலகலால் வகுக்க வேண்டும். மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளினதும் சராசரியே இறுதிப் புள்ளி.

ஒரு பாடத்தின் இடை 45, நியம விலகல் 15 என்போம். அதில் 75 எடுத்தவரின் இசட் புள்ளி 2.0. இன்னொரு பாடத்தின் இடை 60, நியம விலகல் 10 என்போம். அதில் அதே 75 எடுத்தவரின் இசட் புள்ளி 1.5. வினாத்தாள் கடினமான பாடத்தை எடுத்த பிள்ளை அதனால் பாதிக்கப்படக் கூடாது என்பதே நோக்கம். அதாவது பாடங்களுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வை அது சமன் செய்கிறது. பாடசாலைகளுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வு அதன் கண்ணுக்குத் தெரியாது. ஆய்வுகூடத்தில் நின்று படித்த பிள்ளையும், டைட்ரேஷனைக் கரும்பலகையில் படமாக மட்டும் பார்த்த பிள்ளையும் அதற்கு ஒன்றுதான். அந்த இடைவெளியைக் குறைக்கும் வேலை மாவட்டக் கோட்டாவிடம் விடப்பட்டிருக்கிறது.

இசட் புள்ளியும் பிழைக்கலாம். 2011 உயர்தரப் பரீட்சைக்குப் பழைய, புதிய பாடத்திட்டங்களைச் சேர்ந்த இரு தொகுதியினர் தோற்றினர். அவர்களை ஒன்றாகச் சேர்த்துக் கணித்த முறை செல்லாது என 2012 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, மீளக் கணிக்க வைத்தது. சில தசமங்களில் ஒரு பிள்ளையின் வாழ்க்கை திசைமாறும் நாட்டில் இது சிறிய விடயமல்ல.

இந்த முறை எங்கிருந்து வந்தது?

1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் ஆரம்பிக்கப்பட்டபோது நாட்டில் இருந்தது அந்த ஒன்றுதான். 1945 முதல் கன்னங்கராவின் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பின்னர் சிங்களமும் தமிழும் போதனா மொழிகளாகின. கிராமத்துப் பிள்ளைகள் உயர்தரம் வரை வந்தார்கள். ஆனால் விஞ்ஞானக் கல்வி சில நகரங்களின் பழைய பாடசாலைகளிலேயே தங்கியிருந்தது. கொழும்பும் யாழ்ப்பாணமும் மருத்துவ, பொறியியல் பீடங்களில் தமது சனத்தொகையைவிட மிகப் பெரிய பங்கைப் பெற்றன.

இந்த ஏற்றத்தாழ்வைத் திருத்துவதாகக் கூறி 1970 இல் பதவிக்கு வந்த அரசாங்கம் எடுத்த முதல் நடவடிக்கை, மொழிமூலத்துக்கு ஏற்ப வெவ்வேறு வெட்டுப்புள்ளிகளை விதித்ததாகும். 1971 இல் 400 புள்ளிகளுக்குப் பேராதனைப் பொறியியல் பீடம் செல்ல சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 போதுமாக இருந்தது. தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 தேவைப்பட்டது. மருத்துவத்துக்கு 229 உம் 250 உம். 1973 இல் மொழிவாரித் தரப்படுத்தலும், 1974 இல் மாவட்டக் கோட்டாவும் வந்தன.

தமிழ் மாணவர்களின் பங்கு, குறிப்பாகப் பொறியியல், மருத்துவ பீடங்களில், வேகமாகச் சரிந்தது. யாழ்ப்பாணத்தில் இரவு பகலாகப் படித்த ஒரு பிள்ளை, தன்னைவிடக் குறைந்த புள்ளி எடுத்தவர் உள்ளே போக, தான் வெளியே நிற்பதைக் கண்டது. காரணம், அப்பிள்ளை பரீட்சை எழுதிய மொழி. அந்தக் கசப்பு தமிழ் இளைஞர் அரசியலை எங்கே கொண்டு சென்றது என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம். அதற்கான விலையை எல்லாச் சமூகங்களும் செலுத்தின.

பின்னர் படிப்படியாக மாற்றங்கள் வந்தன. 1976 இல் 70 வீதம் புள்ளி அடிப்படையிலும் 30 வீதம் மாவட்ட அடிப்படையிலும் எனத் திருத்தப்பட்டது. 1977 ஆட்சி மாற்றத்தின் பின்னர் மொழிவாரித் தரப்படுத்தல் கைவிடப்பட்டது. மாவட்ட முறை மட்டும் நிலைத்தது. திறமைக்கு 30, மாவட்டத்துக்கு 55, பின்தங்கிய மாவட்டங்களுக்கு 15 என்றிருந்த பங்கீடு பிற்காலத்தில் 40, 55, 5 என்றானது.

இந்த வரலாற்றில் ஒரு பாடம் இருக்கிறது. மொழியை அளவுகோலாக வைத்தபோது அது ஓர் இனத்துக்கு எதிரான தண்டனையாக மாறியது. மாவட்டத்தை அளவுகோலாக வைத்தபோது, குறைகள் இருந்தாலும், பெரும்பாலானோர் ஏற்றுக்கொள்ளக்கூடிய ஒன்றாக அது மாறியது. இன்று யாழ்ப்பாண மாவட்டமே பின்தங்கிய 16 இல் ஒன்று. பின்தங்கியவருக்குக் கைகொடுப்பது என்ற நோக்கம் மட்டும் போதாது. எந்த அளவுகோலால் அளக்கிறோம் என்பதே நீதியையும் அநீதியையும் தீர்மானிக்கிறது.

முஸ்லிம்கள் எங்கே நின்றார்கள்?

அந்தக் காலப்பகுதியில், 1970 முதல் 1977 வரை, கல்வி அமைச்சராக இருந்தவர் கலாநிதி பதியுதீன் மஹ்மூத். முஸ்லிம் பாடசாலைகளுக்கும் முஸ்லிம் ஆசிரியர் நியமனங்களுக்கும் அவர் ஆற்றிய சேவையை நமது சமூகம் நன்றியோடு நினைவுகூர்கிறது. அதே பெயரைத் தரப்படுத்தலோடு சேர்த்து நினைக்கும் தமிழ் நண்பர்களும் நமக்கு இருக்கிறார்கள். இரண்டும் ஒரே வரலாற்றின் பக்கங்கள்தாம். ஒன்றை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது சரியல்ல.

மொழிவாரி முறை நமக்கும் சாதகமாக இருக்கவில்லை. தமிழ் மொழியில் பரீட்சை எழுதிய முஸ்லிம் மாணவரும் உயர்ந்த வெட்டுப்புள்ளியையே தாண்ட வேண்டியிருந்தது. நமக்குக் கதவைத் திறந்தது மாவட்டக் கோட்டாதான். 2012 தொகைமதிப்பின்படி அம்பாறை மாவட்டத்தில் சுமார் 43 வீதமும், திருகோணமலையில் சுமார் 40 வீதமும் முஸ்லிம்கள். மட்டக்களப்பு, புத்தளம், மன்னார் ஆகிய மாவட்டங்களிலும் நாம் கணிசமாக இருக்கிறோம். இவை ஐந்தும் அந்த 16 இல் அடங்குகின்றன. கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, கிண்ணியா, காத்தான்குடி, ஏறாவூர் போன்ற ஊர்களிலிருந்து வைத்தியர்களும் பொறியியலாளர்களும் ஒரு தலைமுறைக்குள் உருவானதில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு.

யுத்த காலத்தில் வந்தாறுமூலை வளாகத்துக்கு நமது மாணவர்கள் செல்ல முடியாத நிலை ஏற்பட்டபோது, 1995 இல் எம்.எச்.எம். அஷ்ரபின் முயற்சியால் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி உருவாகி, 1996 இல் முழுமையான பல்கலைக்கழகமானது. அதுவும் ஒரு வகையில் கதவு திறப்புத்தான். ஒரு சமூகத்தின் அவசரத் தேவையிலிருந்து பிறந்த அந்த வளாகத்தில் இன்று மூவினப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

மாவட்டம் என்ற அளவுகோலின் கோளாறு

ஆனால் முஸ்லிம்கள் எல்லோரும் கிழக்கில் இல்லை. நம்மில் பெரும் பகுதியினர் கொழும்பு, கண்டி, களுத்துறை, கம்பஹா, காலி, மாத்தளை, கேகாலை, குருநாகல் எனத் தெற்கிலும் மத்தியிலும் சிதறி வாழ்கிறார்கள். இவை எதுவும் அந்த 16 இல் இல்லை.

மாளிகாவத்தையில் இரண்டு அறை வீட்டில் வளரும் ஒரு பிள்ளையை எண்ணிப் பாருங்கள். தந்தை நாட்டாமை வேலை செய்கிறார். பிள்ளை படிக்கும் தமிழ் மொழிமூலப் பாடசாலையில் பௌதிகவியல் ஆசிரியர் இல்லை. கணக்குப்படி அந்தப் பிள்ளை கொழும்பு மாவட்ட மாணவர். அவர் போட்டியிட வேண்டியது நாட்டின் மிகச் சிறந்த ஆய்வுகூடங்களும் மிகச் சிறந்த டியூஷன் வகுப்புகளும் வாய்த்த பிள்ளைகளோடு. பேருவளையில், அக்குறணையில், மாவனல்லையில் தமிழில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளின் நிலையும் ஏறத்தாழ இதுதான். அவர்களது மாவட்டம் முன்னேறியது. அவர்களது பாடசாலை அப்படியல்ல.

மறுபக்கம், பின்தங்கிய மாவட்டத்தின் பிரதான நகரப் பாடசாலையில் படிக்கும் வைத்தியரின் மகளுக்கும், அதே மாவட்டத்தின் எல்லைக் கிராமத்தில் படிக்கும் விவசாயியின் மகளுக்கும் ஒரே வெட்டுப்புள்ளி. மாவட்டத்துக்குக் கிடைக்கும் இடங்களை முதலில் எடுத்துக்கொள்வது யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நாட்டில் சுமார் பத்தாயிரம் அரச பாடசாலைகள் இருக்கின்றன. உயர்தர விஞ்ஞானப் பிரிவோடு கூடிய 1ஏபி தரப் பாடசாலைகள் ஏறத்தாழ ஆயிரம்தான். பின்தங்கிய நிலை பாடசாலைக்குப் பாடசாலை வேறுபடுகிறது. நாமோ அதை மாவட்டம் என்ற பெரிய முழக்கோலால் அளந்துகொண்டிருக்கிறோம்.

இந்த இடைவெளியில்தான் என்னிடம் வந்த தந்தையைப் போன்றவர்கள் நுழைகிறார்கள். இதைத் தடுக்க ஒரு விதி இருக்கிறது. பொதுவாக, பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் இறுதித் திகதிக்கு முந்திய மூன்று வருடங்கள் எந்த மாவட்டத்துப் பாடசாலையில் ஒருவர் படித்தாரோ, அதுவே அவரது மாவட்டம். (பிள்ளையை இடம்மாற்ற நினைக்கும் பெற்றோர், ஆணைக்குழு வருடாந்தம் வெளியிடும் கைநூலில் இது பற்றிய பகுதியைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். தொழில் மாற்றம் போன்ற உண்மையான காரணத்தால் இடம்பெயர்ந்தவர்களும் இதில் சிக்கிக்கொள்வதுண்டு.) ஆகவே வசதியுள்ளவர்கள் முன்கூட்டியே திட்டமிட்டு, தரம் 10 இலேயே பிள்ளையைப் பின்தங்கிய மாவட்டத்துப் பாடசாலையில் சேர்க்கிறார்கள். பெயர் அங்கே இருக்கும். பிள்ளை வார இறுதியில் கண்டியிலோ கொழும்பிலோ டியூஷன் வகுப்பில் இருக்கும்.

அப்படி ஒரு பிள்ளை நுவரெலியாவில் பெறும் இடம் யாருடையது? நான் ஆசிரிய கலாசாலையில் பயிற்சி பெற்ற காலத்தில் என்னோடு ஒரே அறையில் இருந்தவர் அந்த மாவட்டத்தின் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். லயத்தில் பிறந்து வளர்ந்தவர். தோட்டப் பாடசாலைகள் 1970களின் பிற்பகுதியில்தான் அரசின் கீழ் கொண்டுவரப்பட்டன. அவர் படித்த பாடசாலையில் உயர்தர விஞ்ஞானமே இருக்கவில்லை. தினமும் பல மைல் நடந்துபோய்க் கலைப்பிரிவில் படித்தார். "என்ட ஊரில இருந்து டொக்டர் ஒருத்தர் வந்தா நான் கிடா வெட்டிப் பொங்கல் வைப்பேன்" என்று சிரித்துக்கொண்டு சொல்வார். அந்தத் தந்தை என் முன்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது என் நினைவில் வந்தவர் இவர்தான். சட்டம் விடும் இடைவெளியால் நாம் எடுத்துக்கொள்ளும் இடம், கொழும்பின் பணக்காரப் பிள்ளைக்குரியதல்ல. நம்மைவிடப் பின்னால் நிற்கும் ஒரு பிள்ளைக்குரியது. அடுத்தவர் ஹக்கைப் பற்றி ஜும்ஆவில் கேட்கிறோம். இதுவும் அதற்குள் அடங்கும் என்றே நினைக்கிறேன்.

மற்ற நாடுகள் என்ன செய்கின்றன?

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் பல்கலைக்கழகங்கள் விண்ணப்பதாரரின் இனத்தை ஓர் அம்சமாகக் கவனிக்கலாம், ஆனால் இனவாரியாக இடங்களை ஒதுக்கக் கூடாது என்று 1978 இல் பாக்கே வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. சுமார் 45 வருடங்கள் நீடித்த அந்த நிலைப்பாடு, 2023 ஜூனில் ஹார்வர்ட், வட கரோலினா பல்கலைக்கழகங்கள் தொடர்பான தீர்ப்போடு முடிவுக்கு வந்தது.

நமக்கு அதிகம் பயன்படும் உதாரணம் டெக்ஸாஸ் மாநிலம். 1996 இல் அங்கு நீதிமன்றத் தீர்ப்பொன்றால் இன அடிப்படை தடைப்பட்டதும், 1997 இல் புதிய சட்டம் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு உயர்நிலைப் பாடசாலையிலும் முதல் பத்து வீதத்துக்குள் வரும் மாணவர்களுக்கு மாநிலப் பல்கலைக்கழக அனுமதி உறுதி. ஏழைப் பகுதிப் பாடசாலையின் முதல் மாணவரும் பணக்காரப் பகுதிப் பாடசாலையின் முதல் மாணவரும் சமம். அளவுகோல் பாடசாலையாக மாறியது.

பிரேசில் 2012 இல் ஒரு சட்டத்தின் மூலம் கூட்டாட்சிப் பல்கலைக்கழக இடங்களில் பாதியை அரச பாடசாலையில் படித்தோருக்கு ஒதுக்கி, அதற்குள் குறைந்த வருமானக் குடும்பங்களுக்குத் தனிப் பங்கும் வைத்தது. தமிழ்நாடு 2020 இல், 6 ஆம் வகுப்பிலிருந்து 12 ஆம் வகுப்புவரை அரச பாடசாலையில் படித்த மாணவர்களுக்கு மருத்துவ அனுமதியில் 7.5 வீத உள் ஒதுக்கீட்டை வழங்கியது. ஆறாம் வகுப்பிலிருந்து என்ற நிபந்தனை முக்கியமானது. கடைசி இரண்டு வருடங்களுக்கு மட்டும் பெயரை மாற்றிப் பதிந்து அதைப் பெற முடியாது.

நமது நாட்டில் என்ன செய்யலாம்?

மாவட்ட முறையை ஒரேயடியாக ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முழுவதும் திறமை அடிப்படை என்றால், இடங்கள் மீண்டும் ஒரு சில நகரங்களின் ஒரு சில பாடசாலைகளுக்கே போகும். அதில் முதலில் வெளியே தள்ளப்படுவோரில் நமது பிள்ளைகளும் இருப்பார்கள். ஆனால் அந்த 5 வீதத்தையாவது மாவட்டப் பட்டியலிலிருந்து பாடசாலைக்கு நகர்த்தலாம். விஞ்ஞான ஆசிரியர் இல்லாத, ஆய்வுகூடம் இல்லாத பாடசாலைகளில் தரம் 6 முதல் தொடர்ந்து படித்தவர்களுக்கு அதை வழங்கலாம். அப்போது மாளிகாவத்தைப் பிள்ளையும், லயத்துப் பிள்ளையும், பொலன்னறுவையின் எல்லைக் கிராமத்துச் சிங்களப் பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்பார்கள். 2024 இல் புதிய தொகைமதிப்பு நடந்திருக்கிறது. சனத்தொகைக் கணக்கு மீள எழுதப்படும் இந்தக் காலம் இதைப் பேசுவதற்கு ஏற்ற காலம்.

குறைந்த வெட்டுப்புள்ளியில் போனவர் நல்ல வைத்தியராவாரா என்று கேட்போர் உண்டு. உள்ளே போன பின்னர் எல்லோரும் எழுதுவது ஒரே பரீட்சை. இறுதி வருடத்தில் மாவட்டத்துக்கு ஒரு சித்திப் புள்ளி கிடையாது. கோட்டா வாசலை மட்டுமே திறக்கிறது, பட்டத்தைக் கொடுப்பதில்லை.

சமூகமாக நாம் செய்ய வேண்டிய வேலையும் இருக்கிறது. கல்முனையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த ஏ.எம்.ஏ. அஸீஸ், 1945 இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை ஆரம்பித்தார். அன்று பிள்ளைகளுக்குத் தேவைப்பட்டது பணம். இன்று மத்திய, தென் மாகாணங்களின் நமது பாடசாலைகளுக்குத் தேவைப்படுவது தமிழில் இணைந்த கணிதமும் இரசாயனவியலும் கற்பிக்கக்கூடிய ஆசிரியர்கள். பள்ளிவாசலுக்கு மாபிள் பதிக்கச் சில வாரங்களில் பணம் சேர்க்கும் ஊர்கள் நம்மிடம் இருக்கின்றன. அதே ஊர்கள் இரண்டு விஞ்ஞான ஆசிரியர்களுக்கு மாதக் கொடுப்பனவு வழங்க ஒன்றுகூடினால், ஐந்து வருடத்தில் வெட்டுப்புள்ளிப் பட்டியலைப் பார்க்கும் முகங்கள் மாறும்.

அந்தத் தந்தையை அடுத்த வாரம் மீண்டும் சந்தித்தேன். மேலே எழுதியவற்றில் பாதியை அவரிடம் சொன்னேன். என் அறைத் தோழரைப் பற்றியும் சொன்னேன். அவர் நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நம்மட புள்ளைக்கு யாரு சேர் இருக்கிற?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பின்னேரங்களில் நானும் இன்னொரு ஆசிரியரும் நடத்தும் இலவச வகுப்புக்கு மகனை அனுப்பச் சொன்னேன். அவன் இப்போது தரம் 10 இல் நம்மிடமே படிக்கிறான்.

மூன்று வருடங்களின் பின்னர் ஓரிரு தசமங்களால் அவனுக்கு இடம் தவறினால், அந்தத் தந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டியவன் நான்தான். அதை நினைக்கும் ஒவ்வொரு நாளும் வகுப்பை அரை மணித்தியாலம் கூட்டி நடத்துகிறேன்.